சக்தி உள்ளவளும் சாதாரண ஆளும்: டிவி தொடருக்குக் காதல் எழுதும் வழி

‘பஃபி த வாம்பயர் ஸ்லேயர்’ தொடரின் ஐந்தாவது சீசனில் ரைலி என்ற ராணுவ வீரனுக்கு ஓர் அறுவை சிகிச்சை தேவைப்படும். ரகசிய ஆய்வுக்கூடம் ஒன்று மருந்து கொடுத்து அவன் உடம்பை இயல்பை மீறி வலுவாக்கி வைத்திருந்தது. இப்போது அந்த வலுவே இதயத்தைக் கொல்லப் பார்க்கிறது. சிகிச்சை செய்துகொண்டால் பிழைப்பான், ஆனால் எல்லோரையும் போல ஆகிவிடுவான். அவன் மறுக்கிறான். வீரம் எல்லாம் காரணமில்லை. பேய்களை அடித்து நொறுக்கும் பஃபி, வெறும் ஆளாகிவிட்ட தன்னை எதற்குக் காதலிக்கப் போகிறாள் என்ற பயம்தான் காரணம்.

இந்த வகைக் காதலை எழுத உட்காரும் பலரும் சக்தி உள்ளவரின் சோகத்தையே துரத்துகிறார்கள். மழையில் தனியாக மொட்டைமாடியில் நிற்பது, “என் பக்கத்தில் இருந்தால் உனக்கு ஆபத்து” என்று சொல்லிவிட்டு மறைவது, அந்த மாதிரி. எனக்கு அது அலுத்துவிட்டது. சாதாரணமாக இருப்பவருக்கு இந்தக் காதலில் “வேண்டாம்” என்று சொல்ல இடம் இருக்கிறதா? கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு கேள்வியைத்தான் வெவ்வேறு பக்கத்தில் இருந்து கேட்கின்றன.

முதல் படி: சாதாரண ஆளில் இருந்து ஆரம்பியுங்கள்

ஒன்லைன், அதாவது கதையின் ஒருவரிச் சுருக்கம் எழுதும்போது சக்திதான் முதலில் வந்து நிற்கும். “நேரத்தை நிறுத்தத் தெரிந்த ஒருவன் காதலில் விழுகிறான்.” யார் மேல்? “ஒரு பெண் மேல்.” அந்த ஒரு பெண்ணுக்கு வேலை, கடன், முன்கோபம், பழைய காதல் எதுவும் இருக்காது. காப்பாற்றப்படுவதற்காகவே கதைக்குள் வருவாள். நானும் அப்படி எழுதியவன்தான். எட்டு எபிசோடுக்கு சீன் ஆர்டர் (காட்சிகளின் வரிசைப் பட்டியல்) போட்டு முடித்த பிறகு வாசித்துப் பார்த்தால், நாயகி தானாக எடுத்த முடிவு ஒன்றே ஒன்றுதான்: குடை எடுத்துக்கொண்டு கிளம்புவது.

அதனால் வரிசையை மாற்றுங்கள். சக்தி இல்லாதவரைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதுங்கள். அதில் காதலரின் பெயர் வரக்கூடாது. காலையில் எழுந்து என்ன செய்கிறார், யாரிடம் பேசுவதில்லை, எதில் கெட்டிக்காரர், எதை மன்னிக்கவே மாட்டார். எழுதி முடித்ததும் இப்படிச் சோதியுங்கள்: இவரைக் கதையில் இருந்து எடுத்துவிட்டால் எது நின்றுபோகும்? “வில்லனுக்குப் பிணைக்கைதி கிடைக்கமாட்டார்” என்பதுதான் பதில் என்றால் திரும்பவும் முதலில் இருந்து எழுத வேண்டும்.

2023இல் வந்த ‘மூவிங்’ என்ற கொரியத் தொடரைப் பாருங்கள். ஜாங் ஜூ-வோனுக்கு எவ்வளவு வெட்டு விழுந்தாலும் ஆறிவிடும், அடிதடியில் அவனை யாராலும் சாய்க்க முடியாது. ஆனால் வழி தெரியாது. பத்துத் தெரு தாண்டினால் தொலைந்துவிடுவான். காபி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருக்கும் ஹ்வாங் ஜி-ஹீக்கு எந்த சக்தியும் இல்லை. திக்குத் தெரியாத அந்த மனிதனுக்குப் பிடிப்பு அவள்தான். பிறகு ஒரு சாலை விபத்தில் அவள் இறந்துபோகும்போது, எந்த அடியும் ஒன்றும் செய்ய முடியாத அவன் உடம்பு அவனுக்கே சுமையாகத் தெரிகிறது. ஜி-ஹீயை எடுத்துவிட்டால் அங்கே நிற்பது சண்டைக் காட்சி மட்டுமே.

சாதாரணம் என்றால் எல்லா வகையிலும் கீழே இருப்பவர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2017இல் வந்த ‘ஸ்ட்ராங் கேர்ள் போங்-சூன்’ தொடரில் போங்-சூனுக்கு மலையைப் புரட்டும் பலம். அவளைப் பாதுகாவலராக வேலைக்கு வைக்கும் மின்-ஹ்யூக் ஒரு கேம் நிறுவனத்தின் முதலாளி. அவளுக்கோ கேம் உருவாக்க வேண்டும் என்று ஆசை. ஆகப் பலம் ஒரு தட்டில், பணமும் பதவியும் மறு தட்டில். தராசு ஒவ்வொரு காட்சியிலும் ஆடிக்கொண்டே இருக்கிறது.

விளக்கத்துக்கு வசதியாக நாமும் ஒரு ஜோடியைக் கட்டிக்கொள்வோம். கதிர், காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை மொழியில் பாடம் நடத்துகிறவன். அவன் தங்கைக்கும் காது கேட்காது. பொறுமைசாலி, ஆனால் ஏமாற்றியவரை எளிதில் விடமாட்டான். யாழினிக்கு ஒரு சக்தி உண்டு. அறையின் சுவரில் கைவைத்தால், கடந்த ஒரு நாளில் அந்த அறையில் பேசப்பட்டது எல்லாம் அவளுக்குக் கேட்கும்.

இரண்டாம் படி: சக்தி எட்டாத ஒரு மூலை

சக்தியின் விதிகளை எழுதும்போது என்ன செய்யும், எதுவரை செய்யும் என்று இரண்டு பத்தி எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறோம். காதல் கதைக்கு மூன்றாவது பத்தி ஒன்று வேண்டும்: எங்கே அது வேலை செய்யாது? முடிந்தால் அந்த இடத்தைச் சாதாரண ஆளின் பக்கத்திலேயே வையுங்கள்.

‘ட்ரூ பிளட்’ (2008–2014) இதைத் தலைகீழாகச் செய்த தொடர். சூக்கிக்கு எல்லோர் மனதில் ஓடுவதும் கேட்கும். ஒருவரோடு உணவகத்தில் உட்கார்ந்தால்கூட அவர் மனதில் இருக்கும் அசிங்கமெல்லாம் காதில் விழும். ரத்தம் குடிக்கும் வாம்பயரான பில்லின் மனது மட்டும் கேட்காது. அந்த அமைதிக்காகவே அவனிடம் போகிறாள். காதலுக்கு இதைவிடத் தெளிவான காரணம் கொடுத்த தொடர் எனக்கு நினைவில்லை. அழகு, கண், விதி எதையும் இழுக்காமல், “உன் பக்கத்தில் மட்டும்தான் சத்தம் இல்லை” என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

‘லூசிஃபர்’ (2016–2021) இன்னொரு வழி. யாராக இருந்தாலும் மனதில் உள்ள ஆசையைக் கக்க வைக்கும் நாயகனின் வசீகரம், துப்பறியும் அதிகாரி குளோயியிடம் பலிக்காது. அதைவிட முக்கியம், அவள் அருகில் இருந்தால் சாகாவரம் பெற்ற அவனுக்கும் ரத்தம் வரும். அவள் சுட்டபோதுதான் அவனுக்கே அது தெரிகிறது. இப்போது அவனுக்குத் தினமும் ஒரு தேர்வு: அவள் பக்கத்தில் நின்றால் சாகலாம், தள்ளிப் போனால் பிழைக்கலாம். ஒவ்வொரு வழக்கிலும் அவன் பக்கத்தில் நிற்கிறான். “உன்னைக் காதலிக்கிறேன்” என்ற வசனத்தைப் பல சீசன்கள் தள்ளிப்போட முடிந்தது இதனால்தான்.

மூலை உடம்பிலும் இருக்கலாம். மூவிங்கில் பறக்கும் சக்தி கொண்ட பையன் போங்-சியோக் மனது படபடத்தால் தானாக மிதக்க ஆரம்பித்துவிடுவான். அதைத் தடுக்கக் கனமான பையைச் சுமக்கிறான், மனதுக்குள் கணக்கில் வரும் π என்ற எண்ணின் இலக்கங்களை ஒப்பிக்கிறான். பிடித்த பெண் சிரித்தால் கால் தரையை விடுகிறது. (அந்தப் பெண்ணுக்கும் ஒரு சக்தி உண்டு, அது வேறு கதை.) பதின்ம வயதுக் காதலை இதைவிட நேராகக் காட்ட முடியுமா?

நம் ஜோடிக்கு வருவோம். சுவர்கள் சத்தத்தை மட்டும்தான் பிடித்து வைக்கும். கதிரும் அவன் தங்கையும் கைகளால் பேசுவது யாழினிக்கு எட்டாது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் ரகசியத்தை விரும்பாமலே கேட்டுப் பழகிய ஒருத்தி, முதல்முறையாக ஒரு வீட்டுச் சுவரில் கைவைத்ததும் நாற்காலி நகரும் சத்தமும் சிரிப்பும் மட்டுமே கேட்கிறது. வார்த்தை இல்லை. அவளுக்கு அந்த வீட்டைவிட்டுப் போக மனம் வராது. அவனோடு முதல் சந்திப்பே நடக்கவில்லை, காதலுக்கு அடித்தளம் போட்டாகிவிட்டது.

மூன்றாம் படி: சக்தியின் விலை எங்கே விழுகிறது?

சக்தியைப் பயன்படுத்தினால் மூக்கில் ரத்தம் வரும் என்பது தேய்ந்துபோன வழக்கம். மூக்கைத் துடைத்துக்கொண்டால் விலை தீர்ந்தது. விலை உறவின் மேல் விழ வேண்டும். ‘மை லவ் ஃப்ரம் த ஸ்டார்’ தொடரில் வேற்றுக்கிரகவாசியான நாயகன் முத்தமிட்டால் காய்ச்சலில் விழுவான். சிரிப்புக் காட்சியாகவும் வேலை செய்கிறது, நெருக்கத்துக்கே ஒரு கட்டணம் என்றும் ஆகிறது.

யாழினி ஒருமுறை சுவரைக் கேட்டால் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அவளுக்குக் காது கேட்காது. அந்த ஒரு மணி நேரத்தில் கதிர் கூப்பிட்டால்? இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் படியில் தேவைப்படும்.

நான்காம் படி: சம்மதம் என்ற இடத்தில் நின்று யோசியுங்கள்

இந்த வகைக் கதைகள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். எழுதும்போது இனிப்பாகத் தெரியும், பத்து வருடம் கழித்துப் பார்த்தால் கசக்கும்.

எந்த சக்தி இருக்கிறது என்பதைப் பொறுத்து ஆபத்து மாறும். பலம், வேகம், பறத்தல் போன்றவை உடல் சார்ந்தவை. சாதாரண ஆள் பயப்படலாம், ஆனால் அவர் மனது அவரிடமே இருக்கும். மனதை வாசிப்பது, வசியம், நினைவை அழிப்பது, நேரத்தைத் திருப்புவது, இந்த நான்கும் வேறு ரகம். எதிராளி சொல்லும் “சரி” உண்மையில் அவர் சொன்னதுதானா என்பதே கேள்விக்குள்ளாகும். நேரத்தைத் திருப்பும் நாயகன் முதல் சந்திப்பில் உளறிவிட்டுப் பத்து நிமிடம் பின்னால் போய்த் திருத்திக்கொள்கிறான் என்று வையுங்கள். தியேட்டரே சிரிக்கும். ஆனால் அவளுக்கு அது முதல் சந்திப்பு, அவனுக்கு ஆறாவது. ஐந்து முறை அவள் எழுந்து போயிருக்கிறாள். அந்த ஐந்து மறுப்பும் எங்கே போயின?

‘ஜெசிகா ஜோன்ஸ்’ (2015) இதை மழுப்பாமல் பேசியது. கில்கிரேவ் வாயால் சொன்னால் போதும், கேட்டவர் செய்தே தீருவார். அவன் அதைக் காதல் என்கிறான். ஜெசிகா அதற்குப் பாலியல் வன்முறை என்று பெயர் சொல்லி அவன் முகத்துக்கு நேராகவே பேசுகிறாள். வில்லனிடம் இருந்தால் நமக்குத் தெரிகிறது. அதே வசியம் நாயகனிடம் இருந்து, பின்னணியில் வயலினும் ஒலித்தால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ட்ரூ பிளட் மூன்றாவது சீசன் முடிவில் சூக்கிக்கு ஓர் உண்மை தெரியவரும். முதல் எபிசோடுகளில் அவளை அடித்துப் போட்டவர்களைப் பில் வேண்டுமென்றே தாமதமாகத்தான் தடுத்திருக்கிறான், தன் ரத்தத்தை அவளுக்குக் கொடுக்க வாய்ப்புக் கிடைக்கட்டும் என்று. அந்த ரத்தம் குடித்தவருக்குக் கொடுத்தவர் மேல் ஈர்ப்பு வரும். ஆக, இரண்டரை சீசனாக நாம் ரசித்த காதலில் எவ்வளவு அவளுடையது? தன் காதல் கதையின் அஸ்திவாரத்தையே தோண்டிக் காட்டும் துணிச்சல் அந்தத் தொடருக்கு இருந்தது.

நேர்மாறான வழியும் உண்டு. ‘த வாம்பயர் டைரீஸ்’ ஆரம்பத்தில் ஸ்டீஃபன் எலினாவுக்கு ஒரு பதக்கச் சங்கிலி கொடுப்பான். உள்ளே இருக்கும் மூலிகை, வாம்பயர்களின் வசியம் அவளைத் தொடாமல் தடுக்கும். கொடுத்தவனின் வசியமும் அதில் அடக்கம். தன் சக்திக்கு எதிரான பூட்டைத் தானே பரிசாகக் கொடுப்பது எவ்வளவு நல்ல காட்சி! கொடுக்கும்போது அது எதற்கென்று அவளிடம் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். கெட்டிக்கார எழுத்தாளர் அந்தக் குறையை எடுத்துவைத்துக்கொண்டு பின்னால் ஒரு சண்டைக்குப் பயன்படுத்துவார்.

யாழினி எப்படித் தவறு செய்வாள்? பெரிதாக அல்ல, அழகாகச் செய்ய வேண்டும். “ஞாயிற்றுக்கிழமை அவளிடம் கேட்கப் போகிறேன், வயிற்றைப் பிசைகிறது” என்று கதிர் நண்பனிடம் சொன்னதைச் சுவரில் கேட்டுவிட்டு, ஞாயிறன்று அவனுக்குத் தைரியம் வரும்படி பேச்சை நகர்த்துகிறாள். பார்ப்பவர்களும் புன்னகைப்பார்கள், யாருக்கும் கெடுதல் இல்லையே. இரண்டு எபிசோடு கழித்து அவன் அம்மாவிடம் போட்ட சண்டையைக் கேட்டு, அடுத்த நாள் அதே வாதங்களை வைத்து அவனை ஜெயிக்கிறாள். செயல் ஒன்றுதான். முதல் தடவை சிரித்த பார்வையாளருக்கு இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்க வேண்டும், தானும் கூட்டாளி என்று.

ஐந்தாம் படி: ரகசியம் யாருக்கு, எப்போது?

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது, யாருக்குத் தெரியும் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. இரண்டாவது பத்தியில் காதலி மட்டும் தனியாக நின்றால் சிக்கல். ‘த ஃபிளாஷ்’ முதல் சீசனில் (2014–15) மின்னல் வேகத்தில் ஓடும் பேரியின் ரகசியம், அவன் காதலிக்கும் ஐரிஸின் அப்பாவுக்குத் தெரியும், கூட வேலை செய்பவர்களுக்குத் தெரியும், ஐரிஸுக்கு மட்டும் தெரியாது. “அவளைப் பாதுகாக்கத்தான்” என்பது சாக்கு. ஆனால் பார்க்கிறவர்களுக்கு, எல்லோரும் சேர்ந்து அவளை முட்டாளாக்குவதாகத்தான் தோன்றும். ஒரு பேரலை வரும்போது ஒருவழியாக அவள் கண்முன்னே ஓடிக்காட்டுகிறான். அடுத்த நிமிடம் காலத்தில் பின்னால் போய்விடுகிறான், அவளுக்குத் தெரிந்தது தெரியாததாகிறது.

அதே தந்திரத்தை வலியோடு செய்தது, சூப்பர்மேனான கிளார்க்கின் இளமைக் கதை ‘ஸ்மால்வில்’. 2006 ஜனவரியில் ஒளிபரப்பான அதன் நூறாவது எபிசோடில் கிளார்க் லானாவிடம் எல்லாவற்றையும் காட்டிவிட்டு, கல்யாணம் செய்துகொள்வாயா என்று கேட்கிறான். அவள் சம்மதிக்கிறாள். அன்றே விபத்தில் இறக்கிறாள். அவன் அந்த நாளைத் திருப்புகிறான், ஆனால் இரண்டாவது முறை உண்மையைச் சொல்வதில்லை. அவள் பிரிந்துபோகிறாள், அவனுடைய அப்பா இறந்துபோகிறார். எனக்கு இங்கே உறுத்துவது மரணங்கள் அல்ல. எல்லாம் தெரிந்துகொண்டு “சரி” என்று ஒருத்தி சொன்னாள். அதைச் சொன்னதே அவளுக்குத் தெரியாது. தன் வாழ்க்கையின் மிகப் பெரிய பதிலை இழந்தவள் அவள்தான், அழுவதோ அவன்.

1964இல் தொடங்கிய ‘பிவிட்ச்ட்’ ரகசியத்தை முதல் எபிசோடிலேயே உடைத்துவிட்டது. சமந்தா தான் சூனியக்காரி என்பதை டேரினிடம் சொல்கிறாள், கல்யாணம் முடிந்த இரவில். ஏன் முன்பே சொல்லவில்லை? அவனுக்கு வேண்டாம் என்று சொல்ல இடமே கொடுக்கவில்லை பாருங்கள். பதிலுக்கு அவன் “இனி மந்திரமே கூடாது” என்று ஒரு நிபந்தனை போடுகிறான். அந்த இரண்டு அநியாயங்களையும் வைத்தே 254 எபிசோடு ஓட்டினார்கள். நகைச்சுவைத் தொடர் என்று நாம் அலட்சியமாகப் பார்ப்பதில் எவ்வளவு நல்ல கட்டுமானம் ஒளிந்திருக்கிறது!

‘சார்ம்ட்’ முதல் சீசனில் ஒரு விசித்திரமான நடுவழி உண்டு. நான் சூனியக்காரி என்றால் காதலன் ஆண்டி ஏற்றுக்கொள்வானா என்று தெரிந்துகொள்ள, ப்ரூ உண்மை பேசவைக்கும் மந்திரத்தைப் போடுகிறாள். அவனால் முடியாது என்று தெரிகிறது. ஒரு நாள் முடிந்ததும் அவனுக்கு எதுவும் நினைவில்லை. கேள்வி கேட்கப்பட்டதே தெரியாத ஒருவனிடம் இருந்து பதில் வாங்கியாகிவிட்டது. நேர்மை மாதிரித் தெரியும் திருட்டு இது, நல்ல கதைக்கரு.

உண்மை வெளிவர மூன்று வழிதான்: சக்தி உள்ளவரே சொல்வது, மூன்றாமவர் போட்டுக்கொடுப்பது, சாதாரண ஆள் தானே கண்டுபிடிப்பது. நான் எப்போதும் மூன்றாவதுக்கே ஓட்டுப் போடுவேன். ‘லோயிஸ் அண்ட் கிளார்க்’ தொடரில் கிளார்க் மோதிரத்தை நீட்டி, கல்யாணம் செய்துகொள்வாயா என்று கேட்கிறான். கேட்பது கிளார்க்கா, சூப்பர்மேனா என்று லோயிஸ் திருப்பிக் கேட்கிறாள். பத்திரிகையாளருக்கு அதுதானே அழகு.

கதிரும் தானே கண்டுபிடிக்கட்டும். ஆளில்லாத வகுப்பறையில் அவன் தனக்குத்தானே முணுமுணுத்த ஒன்றை யாழினி தற்செயலாகச் சொல்லிவிடுகிறாள். அவன் எதுவும் கேட்பதில்லை. மறுநாள் அதே அறைக்குத் தனியாகப் போய், “சைக்கிளை விற்றுவிட்டேன்” என்று ஒரு பொய்யைச் சத்தமாகச் சொல்லிவிட்டு வருகிறான். அடுத்த நாள் யாழினி கேட்கிறாள்: “சைக்கிளை ஏன் விற்றாய்?” அவன் முகத்தில் கேமரா, எபிசோடு முடிவு. அவளிடம் சக்தி, அவனிடம் மூளை.

ஆறாம் படி: தெரிந்த பிறகு என்ன செய்வீர்கள்?

‘ஐ ட்ரீம் ஆஃப் ஜீனி’ தொடரில் ஜீனிக்கும் விண்வெளி வீரர் டோனிக்கும் 1969இல் ஐந்தாவது சீசனில் கல்யாணம் நடந்தது, 1970இல் தொடர் முடிந்தது. லோயிஸும் கிளார்க்கும் 1996இல் கல்யாணம் செய்தார்கள், 1997இல் தொடர் முடிந்தது. இதைக் காட்டி, சேர்த்துவைத்தால் தொடர் செத்துவிடும் என்பார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. சேருவார்களா என்ற ஒரே கேள்விக்கு மொத்த எண்ணெயையும் ஊற்றிவிட்டால் பதில் கிடைத்ததும் விளக்கு அணையத்தான் செய்யும். சேர்ந்த பிறகு எரிய வேறு எண்ணெய் வேண்டும்.

அது அன்றாட வாழ்க்கையில் நிறையக் கிடைக்கும். தெரிந்துகொண்ட பிறகு கதிர் போன் வந்தால் எழுந்து மொட்டைமாடிக்குப் போகிறான், அங்கே சுவர் இல்லையே. அவன் தப்பாக எதுவும் பேசவில்லை. ஆனாலும் போகிறான். அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு ஓர் ஒப்பந்தம்: படுக்கையறைச் சுவரை அவள் தொடக்கூடாது. தொடவில்லை என்று அவள் சொன்னால் அவன் நம்ப வேண்டும், சரிபார்க்க வழியே கிடையாது. சக்தி உள்ளவர் சரிபார்க்கலாம், இல்லாதவர் நம்பத்தான் முடியும். இந்த ஒரு ஏற்றத்தாழ்வை வைத்தே ஒரு சீசன் எழுதலாம்.

கூடவே, சக்திக்குச் சம்பந்தமே இல்லாத மூன்று சண்டைகளைத் தயாராக வைத்திருங்கள். பணம், தங்கையின் படிப்பு, யார் தூங்கும்போது யார் விளக்கைப் போடுவது. எல்லாச் சண்டையும் சக்தியைப் பற்றியே இருந்தால் அவர்கள் காதலர்களாகத் தெரியமாட்டார்கள்.

ஏழாம் படி: காப்பாற்றும் கணக்கு

சீன் ஆர்டர் முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். யார் யாரை எத்தனை முறை காப்பாற்றினார்கள்? பத்துக்கு ஒன்று என்றால் சரிசெய்யுங்கள். சாதாரண ஆள் துப்பாக்கி எடுத்துச் சுட வேண்டியதில்லை. ஒரு போன் அழைப்பு, ஒரு பொய், போகாதே என்று கதவை மறித்து நிற்பது, இவையும் கணக்கில் வரும். கடத்தல் ஒரு சீசனுக்கு ஒன்று போதும். அதுவும் கடத்தப்பட்டவர் அங்கே உட்கார்ந்து ஏதாவது செய்துகொண்டிருந்தால்.

எட்டாம் படி: வயது

சாகாவரம் உள்ளவர் என்றால் இந்தக் கேள்வியில் இருந்து தப்ப முடியாது. மை லவ் ஃப்ரம் த ஸ்டாரின் நாயகன் 1609இல் பூமிக்கு வந்தவன், நடிகை சியோன் சோங்-யியைச் சந்திக்கும்போது நானூறு வருடம் ஓடிவிட்டது. கடைசியில் அவன் மறைந்து மறைந்து வருகிறான், சில நொடி, அப்புறம் சில நாள், பிறகு இன்னும் கொஞ்சம். அவள் அதை ஏற்றுக்கொண்டு காத்திருப்பது அவளே எடுத்த முடிவு என்பதால்தான் அந்த முடிவு எடுபடுகிறது. ‘கோப்ளின்’ (2016–17) இன்னும் கூர்மை: 939 வயதானவன் மார்பில் குத்தியிருக்கும் வாளை ஒரு பெண்ணால் மட்டுமே உருவ முடியும், உருவினால் அவன் இல்லாமல் போவான். அதிகாரம் முழுக்க மனிதப் பெண்ணின் கையில்.

நடைமுறை விஷயம் ஒன்று. ஏழெட்டு சீசன் ஓடினால் சாகாவரம் பெற்றவராக நடிப்பவருக்கும் தொப்பை விழும். கதையில் அதற்கொரு சாக்கை முதல் சீசனிலேயே ஒளித்துவைப்பது புத்திசாலித்தனம்.

ஒன்பதாம் படி: கடைசியில் சமமாக்கும் ஆசை

முடிவு நெருங்கும்போது இரண்டு கதவுகள் கண்ணுக்குத் தெரியும். சாதாரண ஆளுக்கும் சக்தி கொடுத்துவிடலாம், அல்லது சக்தி உள்ளவரிடம் இருந்து பிடுங்கிவிடலாம். இரண்டுமே, இதுவரை எழுதிய காதல் அப்படியே நிற்காது என்று எழுத்தாளரே ஒப்புக்கொள்வது மாதிரி.

ஸ்மால்வில் எட்டாவது சீசனில் லானாவுக்குச் சக்தி தரும் உடை கிடைக்கும், கிளார்க்குக்குச் சமமாக ஆகிவிடுவாள். ஆனால் கிளார்க்கைக் கொல்லும் கிரிப்டோனைட்டை அந்த உடை உறிஞ்சிக்கொண்டதால் இனி அவன் பக்கத்திலேயே போக முடியாது. சமமானதுதான் பிரித்தது. கொடுக்கத்தான் வேண்டும் என்றால் இப்படிக் கொடுங்கள். ரைலி பாதையும் இருக்கிறது: சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டு சாதாரணமாகிறான், தனக்கு இடமில்லை என்ற நினைப்பிலேயே கரைந்து, ஒருநாள் ஹெலிகாப்டரில் கிளம்பிவிடுகிறான். பஃபி ஓடிவருகிறாள், தாமதமாக. அவளால் எதையும் தூக்கி எறிய முடியும், அந்த ஒரு முடிவை மட்டும் முடியவில்லை.

கடைசிப் படி: சக்தி அணைந்த காட்சி

தொடரை எழுத ஆரம்பிக்கும் முன் இந்தக் காட்சியை எழுதிப் பாருங்கள். இருவரும் ஓர் அறையில். சக்தி வேலை செய்யாத நேரம். வில்லன் வரமாட்டான், போன் ஒலிக்காது. இரண்டு பக்கத்துக்கு அவர்கள் நம்மைப் பிடித்துவைத்திருந்தால் தொடர் இருக்கிறது என்று பொருள்.

நான் எழுதினால் இப்படி இருக்கும். யாழினி படுக்கையறைச் சுவரைத் தொட்டுவிட்டாள். கதவு திறக்கும் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை, ஒரு மணி நேரக் கணக்கு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. கதிர் வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிடுகிறான். புரிந்துவிடுகிறது. கத்துவதற்கு வாயைத் திறந்து, கத்திப் பயனில்லை என்பதால் மூடிக்கொள்கிறான். சுற்றிவந்து அவள் முன்னால் நின்று கைகளால் பேசுகிறான், தங்கையிடம் பேசும் வேகத்தில், நீளமாக. அவளுக்குத் தெரிந்தது இருபது முப்பது சைகைதான். “போகிறேன்” புரிகிறது. கடைசியில் “வருவேன்” என்பது மாதிரி ஏதோ ஒன்று. நடுவில் இருந்தது “திரும்ப”வா, “வராமலும் இருக்கலாம்” என்பதா, தெரியவில்லை. சுவரில் கைவைத்தாலும் கிடைக்காது, அது கைகளால் சொன்னது.

அவள் தன் கைகளைத் தூக்கி, தப்பும் தவறுமாகக் கேட்கிறாள்: இன்னொரு முறை சொல், மெதுவாக.

அவன் சொல்கிறானா, கதவைத் திறக்கிறானா என்பதை அடுத்த எபிசோடின் முதல் காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.